வைக்கோலும் வெள்ளைப் பூஞ்சணமும்

அன்புள்ள ஐயா,

காலபோக அறுவடை முடிந்தால் எங்கள் பக்கம் வயல் முழுக்கப் புகைதான். நெல்லை ஏற்றிவிட்டு வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறோம். பூஞ்சண நொதியங்களால், அதாவது பூஞ்சணம் சுரந்து பொருளை உடைக்கும் புரதங்களால், இதை எரிபொருளாக்கலாம் என்கிறார்கள். நொதியத்தை வெளிநாட்டில் வாங்கினால் போதாதா? எங்கள் ஊர்ப் பூஞ்சணத்தைத் தேடித்தான் ஆகவேண்டுமா?

ஒரு வாசகர், பரந்தன்

அன்புள்ள தம்பிக்கு,

மழையில் நனைந்த வைக்கோல் போரின் அடியைக் கிளறிப் பாருங்கள். பூஞ்சணம் வெள்ளை நூலாக ஓடியிருக்கும். அந்த இடத்து வைக்கோலை விரலால் நசித்தால் உதிர்ந்துவிடும். நீங்கள் கேட்கும் வேலை அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

பனங்கொட்டைக்குள் தின்னும் பூரான் இருப்பதுபோல வைக்கோலுக்குள் சீனி இருக்கிறது; அதைப் புளிக்கவைத்தால் எதனோல் என்ற எரிபொருள் வரும். செலுலோசு என்பது சீனிச் சங்கிலிதான். அதை இறுக்கிப் பிடித்திருப்பது இலிக்னின். செலுலோசை வெட்டிச் சீனியாக்கும், கம்பனிகள் விற்கும் செலுலேசு நொதியத்துக்குப் பேர்போன பூஞ்சணம் திரைக்கோடெர்மா ரீசி. இரண்டாம் உலகப்போரில் சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரத் துணியை உக்கவைத்தது அது. அதுவும் ஒரு ஊரின் பூஞ்சணம்தானே! யாரோ அக்கறையாக எடுத்து வளர்த்திருக்கிறார்கள்.

ஆனால் செலுலேசு இலிக்னினை உடைக்காது. அதற்கு லக்கேசு, மங்கனீசு பெரொக்சிடேசு போன்ற வேறு நொதியங்கள் வேண்டும். மரத்தை வெளுக்கவைத்து உக்கச்செய்யும் பூஞ்சணங்கள் இவற்றைச் சுரக்கும். பாலையும் வீரையும் எவ்வளவு வைரமான மரங்கள்! வன்னிப் பக்கத்து வெயிலில் அந்தக் கட்டைகளையே உக்கவைக்கும் ஒன்றை விட்டுவிட்டு வேறெங்கே தேடுவது? புற்றுக்காளானையும் மறக்கவேண்டாம். கறையான் அதைத் தோட்டம் வைத்தே வளர்க்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. பூஞ்சணமும் அந்தச் சீனியைத்தான் தின்னும், வேலைக்கு வாரக்கணக்கும் எடுக்கும். ஆகவே இலிக்னினை முதலில் உடைக்கும் இனத்தைப் பொறுக்கவேண்டும். எதனோல் ஆலை பிறகு வரட்டும். இப்போதைக்கு வைக்கோலில் சிப்பிக்காளான் வளர்த்து விற்கலாம். அப்புறம் மிஞ்சும் வைக்கோலைச் சாணத்தோடு கரைத்து உயிர்வாயுக் குழியில் விடலாம். வைக்கோலில் நைதரசன் குறைவு, சாணம் அதைச் சரிக்கட்டும். அடுப்பு எரியும், மிஞ்சும் கரைசல் வயலுக்கு உரமாகும்.

காட்டுக்குள் போகவேண்டாம். அனுமதி வேண்டும், கண்ணிவெடி முழுதும் அகற்றி முடியவுமில்லை. உங்கள் வளவில் உக்கிய கட்டையே போதும். பொலித்தீனில் போட்டால் வியர்த்து அழுகிவிடும். கடதாசிப் பையில் போட்டு, மரத்தின் பெயரும் எடுத்த திகதியும் எழுதி, கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்தில் காட்டுங்கள். எனக்கும் எழுதுங்கள்.