பேப்பர்கிரீட் கல் ஓட்டுக் கூரையைத் தாங்குமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் 4 சென்ட் இடம் இருக்கிறது. 350 சதுர அடியில் ஓட்டு வீடு கட்ட நினைக்கிறோம். மச்சானுக்குப் பழைய பேப்பர் கடை. காகிதம் சும்மாவே கிடைக்கும். அதை ஊறவைத்து அரைத்து, சிமெண்டோடு மில் உமிச்சாம்பலும் சேர்த்துப் பேப்பர்கிரீட் கல் அறுக்கலாமா? மழைக்கு நிற்குமா? செலவு எவ்வளவு குறையும்?

பதில்: செலவு நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்குக் குறையாது. வீட்டுச் செலவில் சுவர் ஒரு பங்குதான். அஸ்திவாரம், கூரை, கதவு, கக்கூஸ் குழி, ஒயரிங் எதிலும் காகிதம் கைகொடுக்காது. அரைக்கிற கூலியும் சிமெண்டும் சும்மா வராது. பங்குனி வெயிலுக்கு உள்ளே குளுகுளுவென்று இருக்க வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பணத்தை மிச்சம் பிடிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ராட் டிராப் கட்டு போதும். செங்கலைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் முறை அது. கால்வாசிச் செங்கல் மிச்சமாகும்.

சரி, பேப்பர் கல்தான் என்று முடிவானால், கூரையை அதன் தலையில் ஏற்றாதீர்கள். பாரம் ஏறினால் அது செங்கல் மாதிரி படாரென்று உடையாது, மெல்ல அமுங்கும்; மேலே ஓடு வரிசை குலைந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும். மூலைகளில் பில்லர், மேலே சுற்றிலும் பெல்ட் பீம், அதன்மேல் கூரை. பேப்பர் கல் இடையை அடைக்க மட்டும். நிலையும் சன்னலும் பில்லரையோ செங்கலையோ பிடித்து நிற்கட்டும். பேப்பர் கல்லில் ஆணி எவ்வளவு லேசாக இறங்குகிறதோ அவ்வளவு லேசாக வெளியேயும் வந்துவிடும்.

அடுத்த எதிரி தண்ணீர். சன்னல் மட்டம் வரை செங்கலோ வெட்டுக்கல்லோ வையுங்கள். கழிவறை முழுக்கச் செங்கல்தான். அடுப்புக்குப் பின்சுவரும் அப்படியே, ஏனென்றால் சிமெண்ட் குறைந்த பேப்பர் கல் பற்றினால் சுடர் விடாமல் உள்ளுக்குள்ளேயே கனியும். உங்களுடையது தென்மேற்குச் சாரல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற ஊர். மேற்குச் சுவருக்கு ஒரு திண்ணைத் தாழ்வாரம் அவசியம். வெளியே சுண்ணாம்புப் பூச்சு நல்லது. ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கிற பெயிண்ட் வேண்டாம்.

கலவைக்கு, பிழிந்த கூழ் 3 சட்டி, சிமெண்ட் 1, மணல் 1 என்று ஆரம்பியுங்கள். செய்தித்தாள், நோட்டு நல்லது. வழவழப்பான பத்திரிகைத் தாளைத் தள்ளிவையுங்கள். உமிச்சாம்பல் வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தால் சிமெண்டில் ஐந்தில் ஒரு பங்கு வரை மாற்றிப் பார்க்கலாம். கன்னங்கரேலென்று இருந்தால் அது எரியாத கரி, கலக்காதீர்கள். கரையானுக்குப் பயந்து சிலர் வெங்காரத்தை (போராக்ஸ்) கலவையில் போடுகிறார்கள். அது சிமெண்டை இறுக விடாமல் இழுத்தடிக்கும். கரையான் மருந்தை அஸ்திவார மண்ணிலேயே அடித்துவிடுங்கள்.

தை, மாசியில் அறுங்கள், கிழக்குக் காற்றில் நன்றாகக் காயும். ஆனால் மேலே காய்ந்தாலும் நடுவில் வாரக்கணக்கில் ஈரம் இருக்கும். அந்த நிலையில் கட்டினால் கல் சுருங்கி இணைப்பெல்லாம் விரியும். நாலைந்து மாதிரிக் கல் அறுத்து எடையைக் குறித்து வாருங்கள். எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது. அப்புறம் ஒன்றை இரவு முழுக்க அண்டாத் தண்ணீரில் போட்டு, காலையில் மூலையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழி விழுந்தால் காகிதம் அதிகம். ஒரு சட்டி குறைத்து மறுபடி அறுங்கள்.