ஏப்ரல் மாதத்துக்கு வைரம் பிறப்புக்கல் ஆனது எப்படி? வாங்கும்போது எதைப் பார்ப்பது?

"ஏப்ரலில் பிறந்தவர்களின் கல் வைரம் என்கிறார்களே, இது பழைய சாஸ்திரமா, வியாபாரமா? பரிசாக வாங்குவதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்?" என்பது கேள்வி.

மாதத்துக்கு ஒரு கல் என்ற இன்றைய பட்டியலை 1912இல் அமெரிக்க நகை வணிகர் சங்கம் கூடித் தீர்மானித்தது. விற்பனைக்காகப் போட்ட பட்டியல் என்பதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. 2002இல் டிசம்பர் மாதத்துக்கு டான்சனைட் என்ற நீலக் கல் சேர்க்கப்பட்டதும் அப்படித்தான்.

பட்டியலுக்குப் பழைய வேர் ஒன்று உண்டு. விவிலியத்தின் யாத்திராகமத்தில் தலைமைக் குரு ஆரோனின் மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு கற்கள் வருகின்றன. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் அவற்றைப் பன்னிரண்டு மாதங்களோடும் ராசிகளோடும் பொருத்திப் பேசினார். சில மொழிபெயர்ப்புகளில் அந்தப் பன்னிரண்டில் ஒன்று வைரம். ஆனால் ஒவ்வொரு கல்லிலும் ஓர் இஸ்ரவேல் கோத்திரத்தின் பெயர் வெட்டியிருந்ததாக அதே பகுதி சொல்கிறது. அக்காலக் கருவிகளை வைத்து வைரத்தில் எழுத்து வெட்டுவது நடக்கிற காரியம் இல்லை. வேறு ஏதோ கல் அது.

நம் ஜோதிடம் தனிக் கணக்கு. நவரத்தினத்தில் வைரம் சுக்கிரனுக்கு உரியது. ரிஷபம், துலாம் இரண்டுக்கும் அதிபதி சுக்கிரன். சித்திரையில் சூரியன் இருப்பது மேஷத்தில். அதற்கு அதிபதி செவ்வாய், கல் பவளம். போதாததற்கு ராசிக்கல் பார்ப்பவர்கள் பிறந்த மாதத்தை விட்டுவிட்டு ஜாதகத்தில் சந்திரன் நின்ற ராசியையோ லக்னத்தையோ பார்க்கிறார்கள். "ஏப்ரல் என்றால் வைரம், ஜோதிடமும் அதைத்தான் சொல்கிறது" என்று யாராவது சொன்னால், இரண்டு பட்டியல்களைப் போட்டுக் குழப்புகிறார் என்று பொருள்.

வைரத்தைப் பற்றிய கதைகளில் பெரும்பாலானவை அதன் கடினத்தில் இருந்து முளைத்தவை. ரோமானியரான பிளினி, வைரத்தைப் பட்டறைக் கல்லில் வைத்து அடித்தால் சுத்தியல்தான் சிதறும் என்றும், ஆட்டுக்கடாவின் சூடான இரத்தம் மட்டுமே அதை இளக்கும் என்றும் எழுதி வைத்தார். நம்பி அடித்துப் பார்த்தால் போவது கல்தான். அர்த்தசாஸ்திரம் இன்னும் கவனமாகப் பேசுகிறது. நல்ல வைரம் பெரிதாக, கனமாக, அடி தாங்குவதாக, கோணங்கள் சமமாக, பாத்திரத்தைக் கீறக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. கோணம் உடைந்ததையும் விளிம்பு அழிந்ததையும் கழிக்கச் சொல்கிறது. வைரத்துக்குக் கோணமும் விளிம்பும் உடையும் என்று தெரிந்தவர் எழுதியது அது.

கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. கீறலைத் தாங்கும் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் வைரம் 10. அடுத்து 9இல் இருக்கும் மாணிக்கமும் நீலமும் இதனிடம் கீறுபடும். ஆனால் வைரப் படிகத்தில் நான்கு திசைகளில் பிளவுத் தளங்கள் உண்டு. அந்தத் தளத்தோடு ஒட்டி ஒரு அடி விழுந்தால் வழவழவென்று இரண்டாகும். 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த 3,106 காரட் கல்லினன் வைரத்தை 1908இல் ஆம்ஸ்டர்டாமில் இப்படித்தான் பிளந்தார்கள்: முதலில் பள்ளம் எடுத்து, அதில் எஃகுத் தகட்டை நிறுத்தி, ஓர் அடி.

அணிகிறவருக்கு இது நேரடியாகப் பொருந்தும். கூர்முனை உள்ள வடிவங்களில் (சதுர பிரின்சஸ், நீள்வட்ட மார்க்கீஸ், துளி வடிவம்) முனைதான் முதலில் சில்லு பெயரும். அந்த முனையை மூடிப் பிடிக்கும் வி வடிவக் கால் (கல்லைப் பிடிக்கும் உலோகக் கொக்கி) இல்லாத மோதிரத்தை வாங்காதீர்கள். வட்டக் கல்லிலும் சுற்று விளிம்பு கத்திமுனை போல மெலிந்திருந்தால் கல்லைப் பதிக்கும்போதே உடையும். கல்லோடு வரும் ஆய்வக அறிக்கையில் விளிம்பு 'மிக மெல்லியது' என்று இருந்தால் அந்தக் கல்லைக் காதணிக்கு வைத்துக்கொள்ளலாம், மோதிரத்துக்கு வேண்டாம்.

கல்லின் குற்றங்களைப் பார்க்கும் முறைக்குச் சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். மதுரையின் ரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும் ஊர்காண் காதையில், காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்ற நான்கு குற்றங்களும் நீங்கிய வைரங்கள் வருகின்றன. பத்து மடங்கு பெருக்கும் லூப் என்ற சிறு உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பாருங்கள், இன்றும் தெரிவது இவற்றின் வகையறாதான். காக்கைக் கால் போலக் கிளைக்கும் வெடிப்பு, புகை படிந்தாற்போன்ற மூட்டம், ஊசிமுனைப் புள்ளி, படிகம் வளர்ந்த கோடு. புள்ளியாலும் கோட்டாலும் பொதுவாக ஆபத்து இல்லை. மூட்டம் பரவியிருந்தால் கல் பால் கலந்தது போல மங்கும். பயப்பட வேண்டியது வெடிப்புக்கு, அதிலும் அது மேற்பரப்பைத் தொட்டிருந்தால். கல்லைச் சாய்த்துத் திருப்பும்போது வெடிப்புக்குள் ஆரஞ்சும் நீலமும் மாறி மாறிப் பளிச்சிட்டால் கண்ணாடி போன்ற பொருளை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். மோதிரத்தின் அளவை மாற்றப் பொற்கொல்லர் தீயைக் காட்டினால் அந்த நிரப்பு வெளியேறும், வெடிப்பு அப்பட்டமாகத் தெரியும்.

காரட், நிறம், தெளிவு, பட்டை என்ற நான்கில் என் ஓட்டு பட்டைக்கு. மற்ற மூன்றும் இயற்கையின் வேலை, பட்டை மட்டும் மனிதன் செய்தது, கெடுப்பவனும் அவன்தான். எடையைக் காப்பாற்ற அடிப்பகுதியை ஆழமாக விட்டால் நடுவில் ஆணித்தலை போலக் கருப்பு வட்டம் தெரியும். ஆழம் குறைந்தால் சுற்று விளிம்பின் பிரதிபலிப்பு மேல்தளத்துக்குள் வெண்வளையமாகத் தெரியும்; மீன்கண் என்பார்கள். இரண்டிலுமே உள்ளே போன வெளிச்சம் மேலே திரும்பாமல் அடிவழியே கசிகிறது. வட்டக் கல்லுக்கு அறிக்கையில் பார்க்க வேண்டியவை: அடிக்கோணம் சுமார் 40.6 முதல் 41 டிகிரி, மேற்கோணம் 34 முதல் 35, மேல்தளம் விட்டத்தில் 54 முதல் 58 சதவீதம், மொத்த ஆழம் 60 முதல் 62.5 சதவீதம். 1919இல் வைரப் பட்டைக்குப் பொறியாளர் டோல்கோவ்ஸ்கி கணக்குப் போட்டுச் சொன்ன 40.75, 34.5, 53 என்ற எண்களை ஒட்டியே இவை இருக்கும்.

நிறத்தில் D தொடங்கி Z வரை வரிசை; D நிறமற்றது, Z பக்கம் போகப் போக மஞ்சள் கூடும். மஞ்சள் தங்கத்தில் பதிப்பதென்றால் H, I கூட வெள்ளையாகவே தெரியும்; D வாங்கி மஞ்சள் தங்கத்தில் வைப்பது வீண் செலவு. எடையில் முழு எண்ணைத் துரத்தாதீர்கள். நல்ல பட்டை கொண்ட ஒரு காரட் வட்டக் கல்லின் விட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டர். 0.97 காரட்டுக்கும் அதற்கும் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம்கூட வராது.

போலியைக் கண்டுபிடிக்கும் சோதனைகளில் வாட்ஸ்அப்பில் சுற்றுபவை பல உருப்படாதவை. மூச்சு ஊதி ஆவி உடனே மறைகிறதா என்று பார்ப்பது வைரம் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதை வைத்துச் செய்யும் சோதனை. கருத்து சரி, ஆனால் அழுக்கு, ஈரக்காற்று, சுற்றியுள்ள உலோகம் எதுவும் முடிவை மாற்றும். வைரம் போலத் தோன்றும் செயற்கைக் கற்களில், வெப்பம் அளக்கும் பேனா கியூபிக் சிர்கோனியாவைக் காட்டிக் கொடுக்கும், மாய்சனைட்டை வைரம் என்று சொல்லிவிடும். மாய்சனைட்டுக்கு லூப்பே போதும். மேல்பட்டை ஒன்றின் வழியாகச் சாய்வாக, அடிப்பகுதிப் பட்டைகளின் விளிம்பைப் பாருங்கள். ஒரு கோடு இரண்டாகத் தெரிந்தால் அது மாய்சனைட். வைரத்தில் இரட்டிக்காது. கியூபிக் சிர்கோனியா அதே அளவு வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் எடை நிற்கும், ஆகவே பதிக்காத கல்லைத் தராசில் வைத்தாலே தெரியும்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் இந்த எந்தச் சோதனையிலும் சிக்காது. அதுவும் அதே கார்பன் படிகம். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் 1954இல் உயரழுத்த முறையில் செய்து காட்டினார்கள். இயற்கையா, வளர்த்ததா என்று பிரிக்க நிறமாலைக் கருவி வேண்டும். அதனால் ஆய்வக அறிக்கையின் எண் கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்திருக்கிறதா, அறிக்கையில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா என்று லூப்பில் படித்துப் பார்த்தபின் பணம் கொடுங்கள். பிறப்புக்கல் என்ற அளவில் வளர்த்த கல்லுக்கு எந்தக் குறையும் சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. மறுவிற்பனை மதிப்பை எதிர்பார்த்து வாங்குவதென்றால் மட்டும் வேண்டாம்.

தோஷ வைரம், சாப வைரம் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு தகவல். பின்னாளில் ஹோப் வைரமாக வெட்டப்பட்ட பெரிய கல்லை இந்தியாவில் வாங்கிப் பிரெஞ்சு அரசரிடம் விற்ற வணிகர் தவர்னியேயை நாய்கள் குதறியதாகச் சாபக்கதை சொல்லும். மனிதர் எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தார். 45.52 காரட் ஹோப் வைரம் 1958 முதல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே அது வந்து சேர்ந்தது பதிவுத் தபாலில்.

வாங்கியபின் கல் மங்கினால், பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு. வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, கொழுப்பு ஒட்டும். சுரங்கங்களில் கிரீஸ் தடவிய மேசையில் கற்களைப் பிடித்ததே அதனால்தான். கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் திரவம் சில துளி, அரை மணி நேரம் ஊறல். பிறகு மென்மையான பல்துலக்கியால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேயுங்கள், அழுக்கு சேர்வது அங்கேதான். கழுவு தொட்டிக்கு மேல் வைத்துச் செய்யாதீர்கள். குளோரின் கலந்த நீர் வைரத்தை ஒன்றும் செய்யாது, தங்கத்தில் கலந்த உலோகத்தை அரித்துக் கல்லைப் பிடித்திருக்கும் கால்களை உடைக்கும். வெடிப்பு நிரப்பிய கல்லை ஒலியதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடவே கூடாது. காதருகே வைத்து மெல்லத் தட்டினால் கல் ஆடும் சத்தம் கேட்கிறதென்றால் அன்றே கழற்றிவிட்டு, கால்களை இறுக்கக் கொடுங்கள்.