கேமராவுக்குப் பலகை உண்டு, எனக்கு இல்லையா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் மாட்டி, வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவன். செயற்கைக்கால் வைத்து நடக்கிறேன். ஆறு வருடமாக நாடகம், குறும்படங்களில் நடிக்கிறேன். தனுஷ்கோடியில் ஒரு வெப் சீரிஸில் கால் இழந்த மீனவராக நடிக்க 40,000 ரூபாய் பேசி, 10,000 அட்வான்ஸ் தந்தார்கள். இரண்டாம் நாளே, "மணலில் நீங்கள் நடந்து வருவதற்குள் வெளிச்சம் போய்விடுகிறது" என்று அனுப்பிவிட்டு, வேறொருவருக்குக் காலை மடித்துக் கட்டி நடிக்க வைத்தார்கள். கேமரா டிராலிக்கு மணலில் பலகை போட்டிருந்தார்கள். எனக்கும் கேட்டேன், தரவில்லை. மேனேஜர் எல்லோர் முன்னாலும் நொண்டி என்று திட்டினார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, வாட்ஸ்அப் பேச்சுதான். வழக்குப் போட்டால் இனி யாராவது கூப்பிடுவார்களா?

பதில்: தம்பி, நடிப்பு சரியில்லை என்று உங்களை யாரும் அனுப்பவில்லை. அதை முதலில் மனதில் வையுங்கள், வழக்குக்கும் அதுதான் அடிப்படை. யாரை நடிக்க வைப்பது என்பது இயக்குநரின் விருப்பம். அதில் நீதிமன்றம் லேசில் தலையிடாது. ஆனால் பேசி முடித்து, முன்பணமும் கொடுத்தபின் மணலைக் காட்டி அனுப்பியது வேறு விஷயம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, நியாயமான வசதியை மறுப்பதையே பாகுபாடு என்கிறது. செய்து தர முடியாத அளவு சுமை என்று அவர்கள் வாதிடலாம். அங்கேயே கிடந்த பலகையை எப்படிச் சுமை என்பார்கள்? அந்தப் பலகை தெரிகிற போட்டோ யாரிடமாவது இருந்தால் இன்றே வாங்கி வையுங்கள்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களுக்கானது. தனியார் நிறுவனத்தின் மீது 3-ஆம் பிரிவின் பொதுத் தடையை வைத்துத்தான் வாதாட வேண்டும். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனுக் கொடுங்கள். சாட்சிகளை வரவழைக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. 2024 ஜூலையில், மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் போராடும் நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில், திரையில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டும்போது அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மனுவில் எழுதுங்கள்.

பணத்துக்கு வக்கீல் நோட்டீஸில் தொடங்கலாம். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், வழக்குப் போட 3 ஆண்டு அவகாசம் உண்டு. ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காமல் அந்த போனையே மாற்றாமல் வைத்திருங்கள்.

திட்டியதற்கு அதே மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 92-ஆம் பிரிவு இருக்கிறது: 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. ஆனால் அவமானப்படுத்தும் நோக்கம் இருந்ததை நிரூபிக்க வேண்டும். யூனிட் ஆட்கள் சாட்சி சொல்லத் தயங்குவார்கள். வேடிக்கை பார்த்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வருவார்களா என்று கேட்டுவிட்டுப் போலீசுக்குப் போங்கள்.

இனி கூப்பிடுவார்களா என்பதற்கு நான் உறுதி தர முடியாது. நோட்டீஸ் போனால் சிலர் ஒதுங்கத்தான் செய்வார்கள், அந்தக் கவலை நியாயமானது. அடுத்த வாய்ப்பு வரும்போது சம்பளத்தோடு வசதிகளையும் எழுதி வாங்குங்கள்: மணலில் பலகைப்பாதை, கடல்தண்ணீர் காட்சி முடிந்ததும் செயற்கைக்காலைக் கழற்றி உப்பையும் மணலையும் துடைக்க மறைவான இடம், அதற்குப் பத்து நிமிடம். கேட்கக் கூச்சப்படாதீர்கள். துடைக்காமல் மாட்டினால் தோல் உரிந்து மறுநாள் நிற்கவே முடியாது என்பது உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

வக்கீல் செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அடையாள அட்டை நகலோடு ராமநாதபுரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய், அட்வான்ஸ் வந்த வங்கிக் கணக்கு விவரத்தைக் காட்டுங்கள்.