கால் இல்லாத கால் படங்கள்

‘ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத புகைப்படங்களை ஒரே ஒரு தமிழ்ச்சொல்லால் கோக்க முடியுமா? முடியுமென்றால் எந்தச் சொல்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். போன ஆனியிலும் ஆடியிலும் எங்கள் வீட்டில் நாற்பது நாளுக்கு மேல் இதுதான் வேலை. சொல்: கால்.

அந்தச் சொல்லை நாங்கள் தேடிப் போகவில்லை. அம்மா கொல்லைப்படியில் வழுக்கி விழுந்தார். வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிவு, மாவுக்கட்டு, ஆறு வாரம் படுக்கை. அவர் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை, வயது எழுபத்திரண்டு. நாற்பது பிள்ளைகளை மேய்த்தவரைக் கட்டிலில் போட்டால் யாரையாவது மேய்க்காமல் எப்படி இருப்பார்? இரண்டாம் நாள் அப்பாவைப் பார்த்து, “கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு இது இரண்டாவது கால்கட்டு” என்றார். எங்களோடு தங்கித் தஞ்சாவூரில் கல்லூரி படிக்கும் அண்ணன் மகளுக்கு அது புரியவில்லை. கால்கட்டு என்றால் திருமணம் என்று விளக்கப்போய், ‘கால்’ என்ற அந்த இரண்டெழுத்துக்கு எத்தனை பொருள் என்று பேச்சு நீண்டு, சாயங்காலத்துக்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘கால்’ படப் போட்டி அறிவிப்பாகிவிட்டது. அம்மாதான் நடுவர்.

வேறு சொற்களையும் நான் சொல்லிப் பார்த்தேன். மாலையில் பொழுதையும் பூவையும் தாண்டினால் படமெடுக்க அதிகமில்லை. படி நல்ல சொல்தான்: ஏறும் படி, அளக்கும் படி, சம்பளத்தோடு வரும் பயணப்படி. “படியில்தான் விழுந்தேன், அதன் முகத்தில் விழிக்க மாட்டேன்” என்று அம்மா தள்ளிவிட்டார்.

விதிகள் மூன்று. மனிதர், ஆடு, மாடு, கொக்கு என்று உயிருள்ள எதன் காலும் படத்தில் கணக்கில் வராது. படத்தை அனுப்புகிறவரே எடுத்திருக்க வேண்டும். அகராதியில் மட்டும் இருக்கிற பொருள் செல்லாது. யாராவது ஒருவர் வாயிலாவது அந்தச் சொல் இன்னும் புழங்க வேண்டும். நீங்களும் இதைச் செய்வதாக இருந்தால் முதல் விதியை விட்டுவிடாதீர்கள். கண்ணுக்கு முன்னால் நிற்கிற பொருளைத் தடைசெய்தால்தான் மற்றவை வெளியே வரும்.

முதல் படம் ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே மாமா, அம்மாவின் தம்பி, விவசாயம் செய்கிறார். மேட்டூரில் குறுவைக்கு வழக்கமாக ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பார்கள். அது கல்லணைக்கு வந்து, பிரிந்து, கடைசி வயலுக்குப் போய்ச் சேர நாளாகும். வறண்டு வெடித்த வாய்க்காலில் தண்ணீர் முதன்முதலாக வருகிற அந்த நொடியை மாமா எடுத்திருந்தார். முன்னால் சருகும் குப்பையும் நுரையும், அதைத் தள்ளிக்கொண்டு பழுப்பாக ஒரு நாக்கு. அவர் ஊருக்குத் தண்ணீர் தருவது கல்லணைக் கால்வாய். 1930களில் மேட்டூர் அணைத் திட்டத்தோடு வெட்டியது, தொண்ணூறு ஆண்டு ஆகியும் ஜனங்கள் வாயில் அது ‘புது ஆறு’தான். பெரிது கால்வாய், சிறிது வாய்க்கால். அதே இரண்டு சொற்களை முன்பின்னாக மாற்றிப் போட்டு இரண்டு அளவுகளைக் குறித்திருக்கிறார்கள்.

அடுத்து வந்தது பெங்களூரிலிருந்து அக்கா மகன் அனுப்பிய அலுவலக நாற்காலி. நாற்காலியில் என்ன புதுமை என்று கேட்கப் போனேன். எண்ணிப் பார்க்கச் சொன்னான். சக்கரம் வைத்த சுழல் நாற்காலிக்குக் கீழே ஐந்து கால்கள்! பெயர் நாற்காலி, நிற்பது ஐந்தில். அம்மா அதற்கு ‘ஐங்காலி’ என்று பெயர் வைத்தார். எண்ணிக்கைப் பேச்சு வந்ததும் மதுரை ஆயிரங்கால் மண்டபத்தையும் இழுத்தார்; அதில் இருப்பவை 985 தூண்கள். ஆனால் மீனாட்சியம்மன் கோவிலுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது என்பதால் அந்தப் படம் எங்கள் தொகுப்பில் இல்லை.

எதிர்வீட்டுக் கல்யாணப் பந்தக்காலை அக்கா எடுத்தாள். வடகிழக்கு மூலை, மஞ்சள் குங்குமம், உச்சியில் கட்டிய மாவிலைக் கொத்து. அழகான படம்தான், ஆனால் எல்லாரும் எதிர்பார்த்தது. அம்மா பத்துக்கு ஐந்து கொடுத்தார். அக்கா இரண்டு நாள் பேசவில்லை.

அண்ணன் மகள் குறும்புக்காரி. கைபேசித் திரையில் ‘மிஸ்டு கால்’ என்று வந்ததைப் படமெடுத்து அனுப்பினாள். ஆங்கிலச் சொல் செல்லாது என்று நான் குதித்தேன். “யாராவது ஒருவர் வாயில் புழங்கினால் போதும் என்பதுதானே விதி? அது எல்லார் வாயிலும் புழங்குகிறதே” என்று அம்மா அனுமதித்துவிட்டார். நடுவர் கட்சி மாறினால் யாரிடம் முறையிடுவது?

அவளே ஒரு வாரம் கழித்து அனுப்பிய படத்தைத்தான் நான் இன்னும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். மொட்டைமாடியிலிருந்து தெற்கே பார்த்து எடுத்தது. எங்கள் தெருவில் வெயில், துணி காய்கிறது. தொலைவில் மேகத்தின் அடியிலிருந்து தரைவரைக்கும் சாம்பல் நிறத்தில் சாய்வான கோடுகள். மழைக்கால். “கிழக்கே கால் இறங்கியிருக்கிறது, நெல்லை மூடு” என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்தப் பெண்ணுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. படத்தை எடுத்துவிட்டு, “பாட்டி, மேகத்துக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கிறது, இது செல்லுமா?” என்று கேட்டாள். அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பத்துக்குப் பத்து கொடுத்தார்.

பெரிய தகராறு நாகர்கோவிலில் இருக்கும் அண்ணனால் வந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று கொட்டுகிற பருவம் அது. அண்ணன் முப்பந்தல் காற்றாலைகளைப் படமெடுத்து அனுப்பி, சங்கப் பாட்டில் கால் என்றால் காற்று என்றான். மூன்றாம் விதிப்படி செல்லாது, இன்று யாரும் ‘கால் அடிக்கிறது’ என்று சொல்வதில்லை என்றேன் நான். அம்மா என்னிடம், “காற்று என்ற சொல்லை உடைத்துப் பார்” என்றார். கால்தான் உள்ளே இருக்கிறது. நாள்தோறும் வாயில் புழங்குகிறது, நமக்குத்தான் காதில் விழவில்லை. தோற்றுப்போனேன்.

தோற்றபிறகு அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையாக ஒற்றைக்காலில் நிற்கிறது காற்றாலை. அதைச் சுற்றவைப்பது ஓடுகிற கால். அதுவரை பேச்சில் வந்த கால்களை இரண்டாகப் பிரிக்க முடியும் என்று அப்போதுதான் பட்டது. பந்தக்கால், நாற்காலியின் கால், மண்டபத்துக் கால் ஒரு பக்கம்: இவை நிற்பவை, தாங்குபவை. வாய்க்கால், மழைக்கால், காற்று இன்னொரு பக்கம்: ஓடுபவை. எதிரெதிரான இரண்டு வேலைகளுக்கு ஏன் ஒரே பெயர் என்று யோசித்தால், நம் உடம்பில் இருக்கும் காலும் அந்த இரண்டையும்தானே செய்கிறது! நிற்கவும் அதுதான், போகவும் அதுதான். இது மொழியியல் அறிஞர் சொன்ன முடிவு அல்ல, கட்டிலருகே உட்கார்ந்து நான் போட்ட கணக்கு. அம்மாவிடம் சொன்னேன். “இரண்டையும் செய்யாமல் ஒன்று இங்கே மாவுக்கட்டில் கிடக்கிறது” என்றார்.

நிற்பதிலும் சேராமல் ஓடுவதிலும் சேராமல் இன்னொரு கால் உண்டு: நாலில் ஒரு பங்கு. அதைக் கொண்டுவந்தவர், அதுவரை குழுவில் ஒரு வார்த்தை பேசாத அப்பா. பழைய மேசை ஒன்றைக் கழற்றியபோது திருகாணிக்கு வாஷராக மாட்டியிருந்த ஓட்டைக் காலணா கிடைத்தது. 1943 முதல் 1947 வரை அச்சடித்த, நடுவில் பெரிய துளை கொண்ட வெண்கலக்காசு. அதில் ஆங்கிலத்தில் பொறித்திருப்பது ‘ஒரு பைஸ்’ என்றுதான். அணாவில் கால் பங்கு என்பதால் நம் வாயில் காலணா. 64 சேர்ந்தால் ஒரு ரூபாய். அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, துளை வழியாகத் தெருவைப் படமெடுத்திருந்தார். கால் ரூபாயான நாலணாவும், இருபத்தைந்து காசு என்று பெயர் மாறியும் தப்பவில்லை, 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாமல் போனது.

அந்தக் கால் எங்கிருந்து வந்தது? அரை என்றால் பாதி, அரை என்றால் இடுப்பும் கூட, அரைஞாண் கட்டுகிறோமே. உடம்பின் பாதியில் இடுப்பு, அதற்கும் பாதியில் கால் என்று அம்மா வகுப்பில் சொல்லிக்கொடுப்பாராம். பிள்ளைகள் மறக்காமல் இருக்கச் சொன்ன யுக்தி, அவ்வளவுதான். ஆனால் சமஸ்கிருதத்திலும் பாதம் என்றால் அடியும் நாலில் ஒன்றும். நட்சத்திரத்துக்கு நாலு பாதம் என்று ஜோதிடர் சொல்வது அதைத்தான். ஆகவே நம் பாட்டன்மார் மட்டும் இப்படி நினைக்கவில்லை.

இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாமா ஒரு படம் அனுப்பினார். வயல் வரப்போரம் ஒரு செடி. மெல்லிய ஒற்றைத்தண்டு, உச்சியில் நாலு இலை. விளக்கம் எதுவும் எழுதவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டில் குலுங்கச் சிரித்தார். ஆரைக்கீரை! ஔவையாரைச் சீண்ட நினைத்துக் கம்பர் ‘ஒரு காலடி, நாலிலைப் பந்தலடி’ என்று விடுகதை போட்டதாகவும், ‘அடி’ போட்டுப் பேசியதற்குப் பதிலடியாக ஔவை ‘எட்டேகால் லட்சணமே’ என்று தொடங்கி ‘ஆரையடா சொன்னாயடா’ என்று முடித்ததாகவும் வாய்மொழியாக ஒரு கதை உண்டு. தமிழ் எண்ணில் எட்டுக்குக் குறி ‘அ’, காலுக்குக் குறி ‘வ’. சேர்த்துப் படித்தால் அவலட்சணமே. கேள்வியில் ஒரு கால் தண்டு, பதிலில் ஒரு கால் பின்னம். அம்மாவும் மாமாவும் ஐம்பது அறுபது வருடத்துக்கு முன் திண்ணையில் இதைச் சொல்லி விளையாடியவர்களாம். எங்களுக்கெல்லாம் அன்றுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கோவில் திருவிழாவில் பொய்க்கால் குதிரையாட்டத்தை எடுத்து வந்தான். ஆடுகிற படம் அல்ல, அதில் மனிதக்கால் வந்துவிடும். இடைவேளையில் குதிரைக்கூடு தரையில் கவிழ்ந்து கிடக்கிறது, கட்டைக்கால் இரண்டும் சுவரில் சாய்ந்திருக்கின்றன, பக்கத்தில் பாதி குடித்த தேநீர் டம்ளர். அதற்குப் போட்டியாக நான் பரணிலிருந்து மரக்காலை இறக்கினேன். ஊருக்கு ஊர் அளவு மாறினாலும் பொதுவாக எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் ஒன்றுக்கும் மரக்கால் என்றே பெயர்; மரத்தாலான காலில் நின்று கொற்றவை ஆடியது. பையன் கொண்டுவந்த கட்டைக்கால் அந்த வம்சம், நான் இறக்கியது வேறு வம்சம். அவனுக்கே கூடுதல் மதிப்பெண் என்று தீர்ப்பு. நியாயம்தான்.

என் பெயர் நிலைத்தது வேறொரு படத்தால். பழைய வீடு ஒன்றின் நிலைக்கு மேலே சுண்ணாம்புச் சாந்தில் ‘அண்ணாமலை’ என்று புடைப்பாக எழுதியிருந்தது. அந்த ‘ணா’வில் துணைக்கால் கிடையாது. பழைய வடிவத்தில் ‘ண’வின் வாலே கீழே சுழித்து நெடிலாகிவிடும்; ‘லை’க்கும் துதிக்கைபோல் மேலே ஒரு வளைவு. 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்ட பிறகுதான் ணா, றா, னா மூன்றும் மற்ற எழுத்துகளைப்போல் தனிக்கால் ஊன்றி நிற்கத் தொடங்கின. “கால் இல்லாததைக் கால் என்று அனுப்புகிறாயே” என்று அக்கா மறுத்தாள். அம்மாவோ படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தபடியே இருந்தார். அந்த ஆணை வந்தபோது அவர் வேலையில் சேர்ந்து மூன்று வருடம். வீட்டில் தாத்தாவிடம் பழைய எழுத்தைக் கற்று வந்த பிள்ளைகள் சிலேட்டில் சுழித்துச் சுழித்து எழுதுவார்களாம். தவறு என்று அடிக்க மனம் வராமல், பக்கத்திலேயே ஒரு துணைக்கால் போட்டுக்காட்டி, “இனிமேல் இதையும் கூட அழைத்துக்கொண்டு வா” என்பாராம்.

ஆடி கடைசியில் கட்டைப் பிரித்தார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அம்மா கூடத்துக்கு வந்து உட்கார்ந்ததும், இதுவரை நடுவராக மட்டும் இருந்தவர், தானும் ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். கைபேசியைக் கொடுத்தோம். சுவர்க்கடிகாரத்தை எடுத்தார். மணி மூன்றேகால். குழுவில் போட்டு, கீழே ‘நான் பிடித்த முயல்’ என்று மட்டும் எழுதினார். அண்ணன் மகள் முயலைத் தேடிப் படத்தை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்தவர் அப்பா.