கோபத்தையும் சொல்லலாம்

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன். வேத வாசிப்பும் தவறுவதில்லை. ஆனால் தேவனோடு பேசுகிற உணர்வே இல்லை, ஒப்பிக்கிற மாதிரிதான் இருக்கிறது. ஜெபக்குழுவில் ஆளாளுக்கு 'கர்த்தர் என்னோடு பேசினார்' என்று சாட்சி சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். 'உமது சித்தம் ஆகட்டும்' என்றுதான் ஜெபிக்கிறேன். உண்மையில் அவர்மேல் எனக்குக் கோபம். யாரிடமும் சொன்னதில்லை. தேவனிடம் நெருங்க என்ன செய்வது?

ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரிக்கு,

கோபத்தை எனக்கு எழுதிவிட்டீர்கள், அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன். ஐந்து மணியை நாலரை ஆக்குவதாலோ இன்னொரு நாள் உபவாசம் சேர்ப்பதாலோ இது தீராது.

வேதத்தின் ஜெபப்பாட்டுகளான சங்கீதங்களில் 23, 91, 121 எல்லாம் நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். காலண்டரிலும் அவைதான் வரும். 88ஆம் சங்கீதத்தை யாரும் காலண்டரில் அச்சடிப்பதில்லை. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று முறையீடுதான். 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களுக்குள் 'எதுவரைக்கும்' என்று நான்கு முறை கேட்கிறான் தாவீது. அந்தச் சங்கீதமாவது ஆறாம் வசனத்தில் துதிப்பாட்டாக மாறிவிடுகிறது. 88 கடைசிவரை மாறுவதே இல்லை. சிநேகிதரையும் என்னைவிட்டு விலக்கிவிட்டீர் என்ற குற்றச்சாட்டோடு முடிகிறது. இதை இராகத்தலைவனிடம், அதாவது ஆராதனைப் பாடகர்களின் தலைவனிடம், ஒப்புவித்ததாகத் தலைப்பே சொல்கிறது. ஒருவர் மறைவாக எழுதிவைத்த புலம்பல் அல்ல, ஆராதனையில் பாடியது. ஆனால் பாடியவர் அவ்வளவையும் 'என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே' என்று அவரைக் கூப்பிட்டு, அவர் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்.

அப்புறம் அந்த 'உமது சித்தம்'. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு முதலில் கேட்டது இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகிற பாடு, நீங்க வேண்டும் என்று. சித்தம் அதற்குப் பிறகுதான் வருகிறது. நீங்கள் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் சொல்கிறீர்கள். 'அம்மா குணமாக வேண்டும்' என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பிரசங்கத் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசுகிற தமிழே போதும். தினமும் அதையேதான் சொல்கிறோம் என்றும் கூச்சப்படாதீர்கள். மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி இயேசு ஜெபித்ததாக மத்தேயு எழுதியிருக்கிறார்.

சாட்சிகளைப் பற்றி ஒன்று. வாராவாரம் குரல் கேட்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் எச்சரிக்கை உண்டு. பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை, அதை அளவுகோலாக்குவதுதான் பிடிக்கவில்லை. அன்னை தெரசா தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் புத்தகமாக வந்தன. அவற்றை அழித்துவிடும்படி அவரே கேட்டிருந்தார். பல பத்தாண்டுகள் தேவன் இருப்பதையே உணர முடியாமல் தவித்ததை அவற்றில் எழுதியிருக்கிறார். அந்த வருஷங்களிலும் அவர் ஜெபத்தையும் விடவில்லை, கொல்கத்தாவின் காளிகட்டில் சாகக் கிடந்தவர்களையும் விடவில்லை. நம் திருச்சபைக்காரர்கள் சிலருக்கு அவர் கத்தோலிக்கர் என்ற தயக்கம் இருக்கும். இருக்கட்டும், இந்த விஷயத்தில் அவர் நமக்கும் அக்காதான்.

டயாலிசிஸ் நாளில் அறைக்கு வெளியே நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள் அல்லவா? அங்கே 88ஐ வாய்க்குள் வாசியுங்கள். பிள்ளை இல்லாமல் தவித்த அன்னாளும் சீலோவில் கர்த்தருடைய ஆலயத்தில் உதடு மட்டும் அசையத்தான் ஜெபித்தாள். ஆசாரியரான ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும்.

அம்மாவின் பெயரை எழுதி அனுப்புங்கள். எங்கள் குடும்ப ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறோம்.