டிஸ்லெக்சியா எழுத்துருக்கள் உண்மையிலேயே உதவுமா?

டிஸ்லெக்சியா (வாசிப்பதைக் கடினமாக்கும் கற்றல் குறைபாடு) உள்ளவர்களுக்குக் கொஞ்சம் உதவலாம்; ஆனால் விளம்பரம் சொல்லும் காரணத்தால் அல்ல. நெதர்லாந்தின் கிறிஸ்டியன் போயர் 2008-இல் வடிவமைத்த 'டிஸ்லெக்சி' என்ற எழுத்துருவில் எழுத்துகளின் அடிப்பாகம் தடித்திருக்கும். ஒன்றைத் திருப்பிப் போட்டால் இன்னொன்றாகிவிடும் ஆங்கிலச் சிற்றெழுத்துகள் குழம்பக்கூடாது என்பது நோக்கம். யோசனை அழகு, ஆதாரம் மெலிது. டிஸ்லெக்சியாவில் பெரும்பாலும் சிக்கல் கண்ணில் இல்லை. எழுத்தை ஒலியோடு இணைப்பதில்தான். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏரியல் என்ற சாதாரண எழுத்துருவுக்கும் டிஸ்லெக்சியின் அதே எழுத்திடைவெளி, சொல்லிடைவெளி கொடுத்ததும் இரண்டுக்கும் இடையிலான வாசிப்பு வேக வித்தியாசம் மறைந்துவிட்டது.

ஆகவே ஏரியல் அல்லது வெர்டானா போன்ற சாதாரண எழுத்துருவே போதும்: 12–14 புள்ளி அளவு, 1.5 வரியிடைவெளி, இடப்பக்கச் சீரமைப்பு. இருபுறமும் சமப்படுத்தினால் சொற்களுக்கிடையே ஓட்டை விழும். எழுத்திடைவெளியை மட்டும் கூட்டிச் சொல்லிடைவெளியை விட்டுவிட்டால், ஒரு சொல் எங்கே முடிகிறதென்றே தெரியாது. பலர் சறுக்குவது இங்கேதான். சாய்வெழுத்தைத் தவிருங்கள்.