ஆன்டிசென்ஸ் மருந்துகள்: கேட்டதும் சொன்னதும்

நியூக்ளியிக் அமில வேதியியலில் 14 வருடமாக வேலை செய்கிறேன். நான் மருத்துவர் இல்லை, ஆன்டிசென்ஸ் துண்டுகளை ஆய்வகத்தில் செய்கிறவள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எது சரி என்று முடிவு சொல்ல வேண்டியவர் அவரைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர்தான். இந்த மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே தடுக்கி விழுகின்றன என்பதை மட்டும் எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.

அக்கா, சாதாரண மாத்திரைக்கும் ஆன்டிசென்ஸ் மருந்துக்கும் என்ன வித்தியாசம்? (கல்லூரி மாணவி, திருச்சி)

நாம் சாப்பிடும் மாத்திரைகளில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு புரதத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டு வேலை செய்பவை. ஆன்டிசென்ஸ் அதற்கு ஒரு படி முன்னாலேயே போய் நிற்கிறது. மரபணுவில் இருக்கும் தகவலை செல் முதலில் ஆர்என்ஏ என்ற நகலாக எடுக்கும். அந்த நகலைப் படித்துத்தான் புரதம் செய்யும். நகல் ஒரு நீளச் சங்கிலி, அதன் ஒவ்வொரு கண்ணியையும் ‘எழுத்து’ என்போம். நகலில் ஓர் இடத்தில் என்ன எழுத்துகள் வருகின்றன என்று தெரிந்துவிட்டால், அவற்றுக்கு ஜோடி சேரும் எழுத்துகளைக் கோத்து ஒரு சின்னத் துண்டு செய்யலாம். அது தேடிப் போய் அந்த இடத்தில் படிந்துகொள்ளும். படிந்த பிறகு, நகலையே வெட்டிப்போட ஒரு நொதியை வரவழைக்கலாம். இல்லையென்றால் நகலை செல் வெட்டி ஒட்டும் விதத்தை மாற்றலாம்.

இது பழைய யோசனைதான். 1978இல் ஹார்வர்டில் பால் ஜமெக்னிக்கும் மேரி ஸ்டீபன்சனும் 13 எழுத்துத் துண்டு ஒன்றை வைத்து, கோழிகளைத் தாக்கும் ரூஸ் சார்கோமா வைரஸ் பெருகாமல் தடுத்துக் காட்டினார்கள். ஆனால் முதல் மருந்தான ஃபோமிவிர்சென் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1998இல். எய்ட்ஸ் நோயாளிகளின் விழித்திரையில் வரும் வைரஸ் தொற்றுக்கு அதைக் கண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போட்டார்கள். கண்ணுக்குள் ஏன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பலமுறை அது வரும்.

இதை எதிலிருந்து எடுக்கிறார்கள்? கிருமியிலிருந்தா? (வேதியியல் ஆசிரியர், விருதுநகர்)

இல்லை சார், முழுக்க வேதியியல்தான். ஒரு சின்னக் குழாய் நிறைய மணிகள் இருக்கும். முதல் எழுத்து அந்த மணிகளில் ஒட்டியிருக்கும். அடுத்தடுத்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் தலையில் ஒரு பாதுகாப்புத் தொப்பியோடு வரும். அமிலம் விட்டு அந்தத் தொப்பியைக் கழற்றும்போது குழாய்க்குள் பளிச்சென்று ஆரஞ்சு நிறம் ஓடும். நிறம் அடர்த்தியாக இருந்தால் அந்த எழுத்து ஒழுங்காகச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு மழைக்கால ராத்திரி கரைப்பானில் ஈரம் ஏறி, ஒன்பதாவது எழுத்தில் ஆரஞ்சு வெளுத்துப்போனது. மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு முறையும் 99 சதவீதம் சேர்ந்தாலும், 18 எழுத்துக்கு 17 முறை சேர்க்கும்போது முழு நீளத்துக்கு வருவது 84 சதவீதம்தான். மிச்சத்தைச் சுத்தம் செய்து, உறையவைத்து உலர்த்தினால் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரு பொருள் கிடைக்கும். மூச்சு பட்டாலே பறக்கும்.

இன்னொரு விஷயம்: வெறும் டிஎன்ஏ துண்டை உடம்பில் விட்டால் நொதிகள் சீக்கிரமே தின்றுவிடும். அதனால் முதுகெலும்பு போன்ற சங்கிலியில் ஓர் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கந்தகத்தை வைக்கிறோம், சர்க்கரைப் பகுதியிலும் ஒரு கூடுதல் கிளை சேர்க்கிறோம். அதன் பிறகு மாதக்கணக்கில் தாங்கும்.

என் தங்கை மகனுக்கு எட்டு மாதம். எஸ்எம்ஏ முதல் வகை என்கிறார்கள். நுசினெர்சென் போட்டால் நடப்பானா மேடம்? (சேலம்)

அம்மா, உங்கள் கேள்வியை நிறைய தடவை படித்தேன். மருந்து என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எஸ்எம்ஏ என்பது தண்டுவடத்தின் நரம்பு செல்கள் அழிந்து தசைகள் வலுவிழக்கும் பரம்பரை நோய். அந்தக் குழந்தைகளுக்கு எஸ்எம்என்1 என்ற மரபணு வேலை செய்யாது. நம்மில் பெரும்பாலோருக்கு அதற்கு ஒரு மாற்று மரபணு இருக்கிறது, எஸ்எம்என்2. அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதால், நகலை ஒட்டும்போது ஏழாவது துண்டை செல் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அரைகுறைப் புரதம்தான் வரும். நுசினெர்சென் என்ற ஆன்டிசென்ஸ் மருந்து 18 எழுத்து: டி-சி-ஏ-சி-டி-டி-டி-சி-ஏ-டி-ஏ-ஏ-டி-ஜி-சி-டி-ஜி-ஜி. ஏழாவது துண்டுக்குப் பக்கத்திலேயே, ‘இதைச் சேர்க்காதே’ என்று செல்லைத் தடுக்கும் ஓர் இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது ரவீந்திர சிங் குழு. ஏட்ரியன் கிரைனரின் ஆய்வகமும் அயோனிஸ் நிறுவனமும் அதை மருந்தாக வளர்த்தார்கள். அந்த இடத்தை இந்த மருந்து மூடிவிடுகிறது. விடுபட்டுப்போன ஏழாவது துண்டு திரும்பச் சேர்கிறது. ஒரு வரிதான் மருந்து என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

நரம்பு செல்களை அடைய வேண்டும் என்பதால் முதுகில் ஊசி வழியாகத் தண்டுவட நீரில் செலுத்துகிறார்கள். முதல் இரண்டு மாதத்தில் நான்கு தடவை, அப்புறம் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை.

இனி உங்கள் கேள்வி. இறந்துபோன நரம்பு செல்லை இந்த மருந்து திரும்பக் கொண்டுவராது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றும். அறிகுறி தோன்றிய பிறகு மருந்து போட்ட பச்சிளம் குழந்தைகளின் சோதனையில், 51 சதவீதம் பேர் தலை நிற்பது, புரள்வது, உட்காருவது போன்ற வளர்ச்சியில் முன்னேறினார்கள். மருந்து போடாத குழந்தைகளில் ஒருவர்கூட இல்லை. அறிகுறி தெரியும் முன்பே ஆரம்பித்த 25 குழந்தைகளில் 22 பேர் தனியாக நடந்தார்கள். மருந்து அதே மருந்துதான், வித்தியாசம் நாட்களில் இருக்கிறது. அதனால் ‘நடப்பானா’ என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ‘இந்த வாரமே ஆரம்பிக்க முடியுமா’ என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அவ்வளவு பணம் யாரிடம் இருக்கிறது? (அதே குடும்பத்தின் அண்ணன்)

நியாயமான கோபம். 2016 டிசம்பரில் அனுமதி கிடைத்தபோது அமெரிக்காவில் ஓர் ஊசிக்கு 1,25,000 டாலர் என்று விலை வைத்தார்கள். ரிஸ்டிப்லாம் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள் தம்பி. அது ஆன்டிசென்ஸ் இல்லை, வாயில் கொடுக்கும் மருந்து. ஆனால் அதே எஸ்எம்என்2 ஒட்டலைத்தான் திருத்துகிறது. இந்தியாவில் ஒரு பாட்டில் சுமார் 6 லட்சம் ரூபாயாக இருந்தது. 2025இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் நடந்த காப்புரிமை வழக்கில் நாட்கோ என்ற இந்திய மருந்து நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்த பிறகு, அவர்களுடைய தயாரிப்பு 15,900 ரூபாய்க்கு வந்தது. அதோடு 2021ஆம் ஆண்டின் அரிய நோய்க் கொள்கையில் 50 லட்சம் வரை உதவி உண்டு. விண்ணப்பத்தை இன்றைக்கே தொடங்குங்கள்.

இது நம் மரபணுவை மாற்றிவிடுமா? (மதுரை)

மாற்றாது. நகலோடு நின்றுவிடும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது.

அப்பாவுக்கு ஏஎல்எஸ். டோஃபெர்சென் உதவுமா? (கோவை)

டோஃபெர்செனும் ஆன்டிசென்ஸ் மருந்துதான். ஆனால் எஸ்ஓடி1 என்ற மரபணுவில் பிழை இருந்தால் மட்டும்தான் உதவும். தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் அழியும் ஏஎல்எஸ் நோயாளிகளில் அந்தப் பிழை உள்ளவர்கள் சுமார் 2 சதவீதம். முதலில் மரபணுச் சோதனை செய்து பாருங்கள். பிழை இல்லையென்றால் இந்த மருந்தால் அப்பாவுக்குப் பயன் இல்லை. இதைச் சொல்ல எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஹன்டிங்டன் நோய்க்கான மருந்து ஏன் தோற்றது? (முதுகலை மாணவர், சென்னை)

டொமினெர்சென் என்ற ஆன்டிசென்ஸ் மருந்தைக் கேட்கிறீர்கள். ஹன்டிங்டன் என்பது மூளை செல்கள் மெல்ல அழியும் பரம்பரை நோய். 2021 மார்ச்சில் மூன்றாம் கட்டச் சோதனையில் ஊசி போடுவதை ரோஷ் நிறுவனம் நிறுத்தியது. எட்டு வாரத்துக்கு ஒரு தடவை மருந்து போட்டவர்கள், போலி ஊசி போட்டவர்களைவிட மோசமாக இருந்தார்கள். ஹன்டிங்டின் என்ற புரதத்தின் கெட்டுப்போன வடிவம்தான் இந்த நோயைத் தருகிறது. மருந்தோ கெட்ட ஹன்டிங்டின், நல்ல ஹன்டிங்டின் இரண்டையும் சேர்த்தே குறைத்தது. நல்லது குறைந்ததும் ஒரு காரணமா, அளவு அதிகமாகிவிட்டதா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. தண்டுவட நீரில் விட்ட மருந்து மூளையின் மேற்பரப்பில் நன்றாகச் சேரும். இந்த நோயில் முதலில் அழிவது நடுவில் ஆழமாக இருக்கும் ஸ்ட்ரையாட்டம். அங்கே போய்ச் சேருவது குறைவு. எழுத்துகளைக் கோப்பது எங்களுக்குச் சுலபம், தம்பி. சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பதில்தான் இந்தத் துறை முழுக்க மல்லுக்கட்டுகிறது. கண், தண்டுவட நீர், கல்லீரல் மூன்றிலும் வழி கிடைத்திருக்கிறது. கல்லீரலுக்குப் போக ஒரு சர்க்கரைக் கொக்கியை மாட்டிவிட்டால் போதும், செல் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். தசைக்கும் இதயத்துக்கும் இன்னும் அப்படி ஒரு நல்ல வழி தேவை. நீங்கள் ஆராய்ச்சிக்கு வருவதாக இருந்தால் அந்தப் பக்கம் வாருங்கள்.

ஒரே ஒரு குழந்தைக்காக மருந்து செய்தார்கள் என்பது உண்மையா? (யாழ்ப்பாணம்)

உண்மை. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் டிமோத்தி யூ குழு, மிலா என்ற சிறுமிக்கு வந்த பேட்டன் நோய்க்கு (மூளை செல்களை அழிக்கும் அரிய பரம்பரை நோய்) 22 எழுத்தில் ஒரு மருந்து வடிவமைத்தது. அவளுடைய மரபணுவுக்குள் வேறொரு துண்டு வந்து நுழைந்து ஒட்டலைக் கெடுத்திருந்தது. ஒரு வருடத்துக்குள் வடிவமைத்து, சோதித்து, 2018 ஜனவரியில் முதல் ஊசி போட்டார்கள். மருந்துக்கு அவள் பெயரையே வைத்தார்கள்: மிலாசென். வலிப்புகள் குறைந்தன, ஒவ்வொரு வலிப்பும் நீடிக்கும் நேரமும் சுருங்கியது. ஆனால் ஊசி போடும் முன்பே அவளுக்குப் பார்வை போயிருந்தது, நோய் ரொம்ப தூரம் போயிருந்தது. 2021 பிப்ரவரியில் இறந்துபோனாள், பத்து வயது. அவளுக்காகப் போட்ட பாதையில் இன்று வேறு குழந்தைகளுக்கும் மருந்து செய்கிறார்கள். 2020இல் தொடங்கிய என்-லோரம் அறக்கட்டளை அப்படிச் செய்யும் மருந்தை வாழ்நாள் முழுக்க இலவசமாகக் கொடுக்கிறது.

மாமன் மகளைக் கல்யாணம் செய்யப் போகிறேன். அத்தை வீட்டில் ஒரு குழந்தை எஸ்எம்ஏவில் இறந்திருக்கிறது. பயமாக இருக்கிறது அக்கா. (தேனி)

கல்யாணத்துக்கு முன்பே கேட்டீர்களே, நல்லது. இருவரும் எஸ்எம்என்1 பிரதிகளை எண்ணும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், எம்எல்பிஏ என்று கேட்டால் தெரியும். பொதுவாக சுமார் 50 பேரில் ஒருவர் இந்தப் பிழையைச் சுமக்கிறார், அவருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. இருவரும் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்போதும், கர்ப்பத்தின் 11ஆம் வாரத்திலிருந்தே சோதித்துத் தெரிந்துகொள்ள முடியும். ஒரு விஷயம்: இந்தச் சோதனை மிகச் சிலரைத் தவறவிடும். அதனால் முடிவை மரபியல் ஆலோசகரோடு உட்கார்ந்து படியுங்கள். பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள்.